கைபிடித்து நடக்கப் பழக்கியவர்கள்



அஞ்சலட்டை அளவில் ஒரு தாள். அதில் மண்ணிற மையால் விரைவாக இழுத்த கோடுகள். சின்னப் பிள்ளையொன்று நடக்கப் பழகுகிறது. ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் அக்காவும் குனிந்து பிடித்திருக்கிறார்கள். எதிரே தகப்பன் குந்தியிருந்து கைகளை நீட்டுகிறார். பால்வாளியோடு ஒரு பெண் அவ்வழியே போகிறாள்.

ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்ட் 1656ஆம் ஆண்டளவில் வரைந்த இது இப்போது லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கடனில் மூழ்கிச் சொத்துகளை இழந்த ஆண்டும் அந்த 1656தான். அவருக்கும் மனைவி சாஸ்கியாவுக்கும் பிறந்த முதல் மூன்று பிள்ளைகளும் சில வாரங்களிலேயே இறந்துபோனார்கள். நடக்கும் வயதை அவர்கள் காணவில்லை. நான்காவது பிள்ளை தீத்தூஸ் 1641இல் பிறந்தான். மறு ஆண்டே சாஸ்கியாவும் இறந்தார். ஒரு பிள்ளை எடுத்துவைக்கும் முதல் அடி எவ்வளவு பெரியது என்பதை அறிந்தவரின் கோடுகள் இவை.

தாளில் வரைந்தவை வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால், அருங்காட்சியகங்கள் அவற்றை நெடுநாள் வெளியே வைப்பதில்லை. ஆனால் இதே பார்வையோடு அவர் 1640இல் தீட்டிய சிறிய வண்ண ஓவியம் ஒன்று நம் லூவரில் உண்டு. ஒரு தச்சன் வீடு. மரியாள் பாலனுக்குப் பாலூட்ட, பாட்டி அன்னாள் அருகில் இருக்கிறார். யோசேப்பு ஜன்னலோரம் வேலை செய்கிறார். லாச்சப்பலில் ஏறி, ஸ்தாலின்கிராட்டில் 7ஆம் இலக்க மெத்ரோவுக்கு மாறினால் லூவர்தான். பிரான்ஸில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இலவசம்.

ஓசியா 11ஆம் அதிகாரத்தில் தேவனும் இப்படித்தான் வருகிறார்: எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கியவராக.

நம் அம்மாமாருக்கு இந்த நகரத்தில் நடை பழக்குவது இன்று நாம்தான். பிரெஃபெக்சரிலும் வைத்தியரிடமும் அவர்களுடைய வாய் நாம். அங்கே, "சும்மா இருங்கோ அம்மா, நான் கதைக்கிறன்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்போம்! றெம்பிராண்டின் தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடவில்லை. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, அதன் வேகத்தில் போகிறாள்.

அடுத்த முறை அம்மாவோடு போகும்போது, அவர் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்க விடுங்கள். பிறகு பிரெஞ்சில் சொல்லுங்கள்.