“அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க!”

சென்னை சென்ட்ரலில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

ஒரு பக்கம் சென்ட்ரல் ரயில் நிலையம். எதிரே பார்க் ஸ்டேஷன். கொஞ்சம் தள்ளி பறக்கும் ரயில் நிற்கும் பூங்கா நகர். பூமிக்கு அடியில் மெட்ரோ. வாசலில் மாநகர பஸ். எல்லாம் கூப்பிடு தூரம்தான். ஆனால் இத்தனை காலம் ஆளுக்கொரு டிக்கெட், ஆளுக்கொரு கணக்கு!

காரணம் என்ன? ரயில் மத்திய அரசிடம். பஸ் மாநில அரசிடம். மெட்ரோவோ இரண்டு அரசும் பாதிப் பாதி பங்கு போட்டு நடத்தும் கம்பெனி. ஆவடியில் ரயில் ஏறி மவுண்ட் ரோடு ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இணைப்பு பஸ் கிளம்பிப் போய்விட்டால் யாரைக் கேட்பார்? கேட்டாலும் பதில் தெரிந்ததுதானே! “அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க!”

12 வருடம்!

இந்த மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க 2010இல் சட்டம் வந்தது. ‘கும்டா’ என்கிற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அப்படிப் பிறந்ததுதான். ஆனால் அதன் முதல் கூட்டம் எப்போது நடந்தது தெரியுமா? 2022 நவம்பரில்! சட்டம் வந்த வருடம் பிறந்த குழந்தை ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டது!

சிங்கப்பூரில் 1995இல் நாலு அலுவலகங்களை ஒன்றாக்கித் தரைவழிப் போக்குவரத்து ஆணையம் அமைத்தார்கள். நாலு நாற்காலி போய் ஒரு நாற்காலி வந்தது. பொறுப்பும் ஓரிடத்துக்கு வந்தது.

இங்கேயும் நல்லது நடக்காமல் இல்லை. 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர். டிக்கெட். மனதாரப் பாராட்ட வேண்டிய காரியம்.

ஆட்களும் சேரட்டும்!

டிக்கெட் சேர்ந்தால் போதுமா? வேலை பார்ப்பவர்களும் சேர வேண்டாமா? ரயில் பத்து நிமிடம் லேட் என்றால் அந்தச் சேதி பஸ் டிப்போவுக்கு உடனே போக வேண்டும். மெட்ரோ கோளாறாகி நின்றால் கூடுதல் பஸ் வந்து நிற்க வேண்டும். தப்பு யார் மேல் என்ற பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மேலிடத்து சர்க்குலரால் மட்டும் மாற்றம் வந்துவிடாது. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே டிக்கெட் கொடுக்கும் கண்டக்டருக்கு, புது ஏற்பாடு எதற்கு, எப்படி என்று முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. அவரிடம் கேட்கவும் வேண்டும். எந்த ஸ்டாப்பில் கூட்டம் இறங்கி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ஏ.சி. அறைக்குத் தெரியாது!

பெரிய சந்திப்பு ஒவ்வொன்றிலும் ஸ்டேஷன் மாஸ்டர், டிப்போ மேலாளர், மெட்ரோ அதிகாரி, போக்குவரத்து இன்ஸ்பெக்டர் நாலு பேரும் மாதம் ஒரு தடவை உட்கார்ந்து பேசட்டும். அந்த இடத்துக்கு இவர்தான் பொறுப்பு என்று ஒரே ஒரு அதிகாரியின் பெயரைப் போர்டில் எழுதி மாட்டட்டும். இதற்குக் கோடிகள் வேண்டாம். நாலு டீயும் கொஞ்சம் மனசும் போதும்!

டிபார்ட்மெண்டுகள் மூன்றாக இருக்கலாம். பயணி ஒருவர்தான். அவருடைய ஆபீசில் வருகைப் பதிவேடும் ஒன்றுதான். அதில் ‘லேட்’ என்று விழுந்தால், சம்பளம் பிடிபடுவது எந்த டிபார்ட்மெண்டுக்கும் இல்லை, அவருக்குத்தான்!