விடுப்பு என்னும் குற்றம்

கோவையின் புறநகர்ப் பள்ளி ஒன்று பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கை அண்மையில் நம் பார்வைக்கு வந்தது. கோயில் திருவிழா, உறவினர் வீட்டு விசேஷம், சுற்றுலா ஆகிய காரணங்களுக்காகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம். தொடர்ந்து ஐந்து நாள் வராவிட்டால் பெயர் நீக்கம். இறுதியில் ‘பொறுப்புள்ள பெற்றோர் இதனைப் புரிந்துகொள்வர்’ என்றொரு வரி. எந்தப் பள்ளி என்று சொல்லத் தேவையில்லை. பெயரை மாற்றிப் போட்டால் அவிநாசி சாலையிலோ பொள்ளாச்சி சாலையிலோ உள்ள பல பள்ளிகளுக்கு அது பொருந்தும். பொறுப்பற்ற பெற்றோரின் கட்சியில் நின்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

நம் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆண்டில் நாலைந்து நாள் பிள்ளையைக் குடும்பம் தன்னோடு அழைத்துச் செல்வது குற்றமன்று. அது குடும்பத்தின் உரிமை, பிள்ளையின் உரிமையும்கூட. அதனைக் குற்றமாக்குகிறவர்கள் கல்வியின் பேரால் பேசினாலும், அவர்கள் காப்பது மதிப்பெண் வணிகத்தைத்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதன் அட்டவணை ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலைநாள்கள், ஆறு முதல் எட்டு வரை 220 வேலைநாள்கள் என்கிறது. எஞ்சிய நாள்கள் யாருடையவை? பிள்ளையுடையவை என்றுதான் சட்டம் படித்த எவரும் சொல்வர். நம் வட்டாரத்தில் நடப்பது என்ன? ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. கோடை விடுமுறையில் ‘சிறப்பு வகுப்பு’. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் ‘தீவிரப் பயிற்சி’. கோடையில் வகுப்பு நடத்தக் கூடாதென்று கல்வித்துறை எச்சரிப்பதும், பள்ளிகள் சீருடையில்லாமல் வரச்சொல்லி வகுப்பு நடத்துவதும் ஒரு சடங்காகவே ஆகிவிட்டன. இப்படிப் பிள்ளையின் விடுமுறையில் வாரக்கணக்கில் கைவைக்கிறவர்கள், பெற்றோர் மூன்று நாள் கேட்டால் ஒழுக்கம் போதிக்கிறார்கள்.

முட்டைக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற நாமக்கல், உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் பெயர்பெற்ற கதையை இவ்விதழின் வாசகர்கள் அறிவர். ‘பிராய்லர் பள்ளி’ என்ற சொல்லை மக்கள்தாம் உண்டாக்கினார்கள். விமரிசகர் எவரும் உண்டாக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கும் வழக்கம் அங்கே வளர்ந்து கொங்கு முழுதும் பரவியது. அரசு 2017இல் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தியது. 2017-18 முதல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்துப் பார்த்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வும் நீங்கியது. தேர்வுகள் வருகின்றன, போகின்றன. பிள்ளையின் நாள்களைப் பள்ளி விழுங்குவது மட்டும் மாறவில்லை.

இனி நம் மண்ணின் நாட்காட்டியைப் பாருங்கள். கொங்கு நாட்டின் பெரிய திருவிழாக்களில் பல மாசியிலும் பங்குனியிலும் வருகின்றன. கோவைக்குக் கோனியம்மன் தேர் மாசியில். ஈரோட்டுக்கு மாரியம்மன் கம்பம், சத்தியமங்கலத்துக்குப் பண்ணாரி குண்டம், பழனிக்குப் பங்குனி உத்திரம் எல்லாம் பங்குனியில். பொதுத்தேர்வும் அதே மாதங்களில்தான். தைப்பூசம் வருவது திருப்புதல் தேர்வுக் காலத்தில். 2021 முதல் தைப்பூசத்துக்குத் தமிழக அரசு பொது விடுமுறை அளித்து வருகிறது, நல்லது. ஆனால் கோவையிலிருந்து பழனிக்கு நடக்க ஒரு நாள் போதாதே! பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல்.

அந்த வழியில் நடக்கும் பிள்ளை என்ன கற்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். பொள்ளாச்சிக்கு அப்பால் கொண்டை சாய்ந்தும் வெட்டப்பட்டும் நிற்கும் தென்னைகளைப் பார்க்கிறது. வாடல் நோய் என்றால் என்னவென்று தோப்புக்காரரிடமே கேட்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலைத் தாண்டும்போது மேற்கே பாயவேண்டிய தண்ணீர் கிழக்கே எப்படி வந்தது என்று வியக்கிறது. உடுமலைப் பக்கம் காற்றாலைகளை அண்ணாந்து பார்க்கிறது. பாலக்காட்டுக் கணவாயைப் புவியியல் பாடத்தில் படித்ததற்குப் பொருள் அங்கேதான் விளங்குகிறது. மடத்துக்குளத்தில் அமராவதியைக் கடக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் ஊற்றும் நீர்மோரைக் குடிக்கிறது. எந்தச் ‘செயல்வழிக் கற்றல்’ அட்டையில் இவ்வளவும் இருக்கிறது? ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகளையும் மாடுகளையும் தாத்தாவின் கைபிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் பார்த்த பிள்ளைக்கு விலங்கியலில் ஆர்வம் வராவிட்டாலும், கேள்வி கேட்கும் ஆர்வமாவது வரும்.

‘இதையெல்லாம் மே மாதத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதா?’ என்கிறார்கள். திருவிழா மே மாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. சுற்றுலாவின் கதையோ வேறு. மாநிலமே ஒரே மாதத்தில் மலையேறினால் என்ன ஆகும் என்பதை மேட்டுப்பாளையத்துக்காரர்களைக் கேளுங்கள். நெரிசல் தாங்காமல் உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் நீலகிரிக்குச் செல்ல இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாள்களில் நாளொன்றுக்கு 6000 வண்டிகள், வார இறுதியில் 8000 என்று உச்சவரம்பும் வந்தது. அந்த மாதத்தில் அறை வாடகை எவ்வளவு என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். எல்லாரும் மே மாதத்திலேயே போகவேண்டும் என்பதன் பொருள், பணமுள்ளவன் மட்டும் போகலாம் என்பதுதான்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் திருப்பூரில் இருக்கிறது. பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு மே மாதம் ஏது விடுமுறை? தீபாவளிக்குப் போனஸ் கொடுத்துக் கம்பெனியை அடைக்கும்போதுதான் அவர் மதுரைக்கோ தேனிக்கோ திருநெல்வேலிக்கோ சொந்த ஊர் போகமுடியும். கம்பெனி திறக்க ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். பள்ளியோ ஓரிரு நாளில் திறந்துவிடும். ஆகவே தந்தை தன் தாயைப் பார்க்க ஊரில் தங்கவேண்டும், அல்லது பிள்ளைக்காகத் திரும்பவேண்டும். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து அங்கே வேலைசெய்யும் குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். ரயில் பயணத்துக்கே போக இரண்டு நாளுக்கு மேல், வர இரண்டு நாளுக்கு மேல். சத் பூஜைக்கு ஊர்போன பிள்ளை பதினைந்து நாள் கழித்துத் திரும்பும்போது, ‘நீண்ட விடுப்பு’ என்று புருவம் உயர்த்தாமல் வகுப்பில் உட்காரவைக்கும் ஆசிரியர்தான் அந்தப் பிள்ளையை இடைநிற்றலிலிருந்து காப்பாற்றுகிறார். அபராதச் சீட்டை நீட்டினால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் தையல் எந்திரத்தின் பக்கத்தில் ‘கைமடி’க்கு உட்கார்ந்துவிடும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். நம்மைத் தூங்கவிடாத வாதம் ஒன்று உண்டு. ‘குடும்பத்திடமிருந்து கற்கட்டும் என்கிறீர்களே, 1953இல் ராஜாஜி சொன்னதும் இதுதானே?’ என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கிராமத் தொடக்கப்பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்ற அத்திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தவர் ஈரோட்டுப் பெரியார். காமராசர் முதல்வரான 1954இல் அது கைவிடப்பட்டது. அறிவிப்பை வெளியிட்ட கல்வி அமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். அந்த முடிவில் ஓர் எழுத்தையும் மாற்ற நமக்கு விருப்பமில்லை. பெருமாள்முருகனின் கூளமாதாரியைப் (2000) படித்தவர்களுக்கு, பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட கொங்குச் சிறுவர்களின் வாழ்வில் பள்ளி இல்லாமை என்பது என்னவென்று விளங்கியிருக்கும். அவர்களுக்கு விடுப்புக் கடிதம் எழுதவேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆனால் இரண்டையும் ஒன்றாக்குவது தவறு. குலக்கல்வி ஒவ்வொரு நாளும் பாதிப் பள்ளியைப் பறித்தது. பிறப்பால் தொழிலை நிர்ணயித்தது. நாம் பேசுவது ஆண்டின் நாலைந்து நாளைப் பற்றி. அப்பன் தொழிலுக்குள் பிள்ளையைப் பூட்டுவது வேறு, அப்பனோடு ஊர்பார்க்கப் பிள்ளையை விடுவது வேறு. வேலைக்காக நிறுத்தப்படும் பிள்ளைக்காகப் பள்ளி போராட வேண்டும். வீடு தேடிச் சென்று அழைத்துவர வேண்டும். அந்தப் பிள்ளைக்காக வாய் திறவாமல், கட்டணம் கட்டும் பிள்ளை மூன்று நாள் வராததற்கு மட்டும் கல்வி உரிமை பேசுவதைத்தான் நாம் வேடம் என்கிறோம்.

இரண்டாவது வாதம் மேலைநாடுகளைப் பற்றியது. இங்கிலாந்தில் அபராதம் உண்டே என்பார்கள். உண்டு. அங்கே சிறப்புக் காரணமிருந்தால் பத்து நாள்வரை தலைமையாசிரியர் விடுப்பளிக்கலாம் என்றிருந்த விதி 2013இல் இறுக்கப்பட்டது. மகளை ஏழு பள்ளி நாள்கள் அமெரிக்காவுக்கு அழைத்துச்சென்ற ஒயிட் தீவைச் சேர்ந்த தந்தை ஒருவர் அபராதம் கட்ட மறுத்து வழக்காட, 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்டு முதல் அபராதம் 80 பவுண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் 2018இல் விடுமுறைக்கு முன்னரே கிளம்பிய குடும்பங்களை விமான நிலையத்தில் காவலர்களே விசாரித்தார்கள். ஆனால் இங்கிலாந்துப் பிள்ளை ஆண்டுக்கு 190 நாள் பள்ளிக்குப் போனால் போதும். ஏறத்தாழ 13 வார விடுமுறை ஆண்டு முழுக்கப் பிரித்து வழங்கப்படுகிறது. அந்த விடுமுறை அங்கே மதிக்கப்படுகிறது. அபராதத்தை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு விடுமுறையைச் சுங்கச்சாவடியிலேயே விட்டுவருவது என்ன நியாயம்?

மூன்றாவது, ஆசிரியரின் சிரமம். இதில் உண்மை இருக்கிறது. விட்ட பாடத்தை மறுபடி நடத்தும் சுமை ஆசிரியர் தலையில் விழுகிறது. விமானச் சீட்டு மலிவு என்பதற்காகத் தேர்வு வாரத்தில் பிள்ளையைத் துபாய்க்குக் கூட்டிப்போய்விட்டு, ‘நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் மிஸ்’ என்கிற பெற்றோருக்காக நாம் வாதாடவில்லை. முன்கூட்டிச் சொல்ல வேண்டும். தேர்வு நாளை ஒதுக்க வேண்டும். விட்ட பாடத்தை வீட்டில் எழுதவைக்க வேண்டும். உரிமை கேட்பவர் இதையும் செய்யக் கடமைப்பட்டவர்.

ஆனால் இன்று உண்மையைச் சொல்லிக் கேட்டால் விடுப்பு கிடைப்பதில்லை. தமிழ்ப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் முதல் ஆங்கில உரைநடை எது? ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்பதுதானே? காய்ச்சல் இல்லாத பிள்ளை காய்ச்சல் என்று எழுத, அதில் தந்தை கையெழுத்திட, பொய் என்று தெரிந்தே ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்ள, மூவரும் சேர்ந்து நடத்தும் அந்த நாடகத்தில் பிள்ளை கற்கும் பாடம் என்ன? ஒரே பாட்டி ஆண்டுக்கு இருமுறை இறப்பதை நாம் கல்லூரியிலும் பார்க்கிறோம். அந்த மாணவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வருவதில்லை. உண்மைக்கு விடுப்பில்லை என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கப்பட்டு வந்தவர்கள் அவர்கள்.

நம் முன்னோர் இவ்வளவு இறுக்கமாக இருக்கவில்லை. திண்ணைப் பள்ளியில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ‘வாவு’ என்று விடுமுறை உண்டு. உ.வே.சா.வின் இளமைப் படிப்பு குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்தில் நடந்தது. பின்னர் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன ஊர்களுக்கெல்லாம் உடன்சென்று படித்தார். பழங்காலம் பொற்காலம் என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமில்லை என்பதை மறப்பவர் அல்லோம். பயணமும் படிப்பும் பகையல்ல என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முடிவாக, பள்ளி நிர்வாகங்களுக்குச் சட்டத்தை நினைவூட்டுகிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. தேக்கிவைப்பது பற்றி 2019இல் வந்த திருத்தமும் வெளியேற்றத்துக்கான தடையை நீக்கவில்லை. 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. திருவிழா போய்வந்த பிள்ளையை, கையில் கட்டிய காப்புக் கயிறோடு வகுப்புக்கு வெளியே நிறுத்துவது மன உளைச்சல் அல்லாமல் வேறென்ன?

பெற்றோருக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. அடுத்தமுறை காய்ச்சல் என்று எழுதாதீர்கள். ‘எங்கள் ஊரில் நோன்பி, பிள்ளையை அழைத்துப் போகிறோம், புதன்கிழமை வருவான், விட்ட பாடத்தை எழுதிவிடுவான்’ என்று தமிழில் நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அபராதம் கேட்டால், எந்த விதியின்படி என்று கேட்டு ரசீதும் கேளுங்கள். பத்துப் பேர் இப்படிக் கேட்டால் சுற்றறிக்கையின் தொனி தானே மாறும். கேட்காதவரை, பிள்ளையின் ஆண்டு முழுவதும் தங்களுடையது என்றே பள்ளிகள் எண்ணிக்கொண்டிருக்கும்.