முதலை முத்திரைக் கண்ணாடி

சித்திரை வெயிலில் திருப்பதிக் கோயில் வீதியில் நடப்போர் இக்காட்சியைக் காணாதிருக்க இயலாது: மொட்டையடித்துச் சந்தனம் பூசிய சிறுவர்கள், நடைபாதைக் கடையில் வாங்கிய குளிர்க்கண்ணாடி அணிந்து மிடுக்காக வருகின்றனர். சில கண்ணாடிகளின் காதுத்தண்டில் முதலை ஒன்று வாய் பிளந்து கிடக்கிறது.

அம்முதலைக்கு ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் ஓர் ஆட்டத்தில் வென்றால் முதலைத்தோல் பெட்டி வாங்கித் தருவதாக அவருடைய அணித்தலைவர் 1923-இல் பந்தயம் கட்டினார். ஆட்டம் தோற்றது, 'முதலை' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1925, 1928-ஆம் ஆண்டுகளில் விம்பிள்டனில் வாகை சூடிய அவர், 1933-இல் அவ்வுருவம் பொறித்த சட்டைகளை விற்கத் தொடங்கினார். பிற்காலத்தில் அது கண்ணாடியிலும் ஏறிற்று. (1960, 1961 இரண்டாண்டும் விம்பிள்டன் அரையிறுதி கண்ட நம் இராமநாதன் கிருஷ்ணன் பெயரில் ஒரு கண்ணாடியையும் யான் கண்டதில்லை!)

சட்டையில் முத்திரை போலியானால் பணத்தோடு போயிற்று. கண்ணாடியில் அப்படியன்று, தாய்மார்களே! இருண்ட கண்ணாடிக்குப் பின்னே கண்மணி விரியும். அக்கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுக்காவிடில், விரிந்த வாயில் வழியே கதிர் மிகுதியாகப் புகக்கூடும். குழந்தைகளின் கண்வில்லை தெளிவானது. ஆதலின் கேடும் அவர்களுக்கே அதிகம். 'யு.வி. 400' என்ற குறி வேண்டும். அக்குறியையும் பொய்யாக அச்சிடலாமே! சித்தூரிலாயினும் திருப்பதியிலாயினும், கதிரை அளக்கும் கருவியுள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சோதியுங்கள். அதுவரை பிள்ளையின் மொட்டைத் தலைக்கு விளிம்பு அகன்ற தொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.