பெயரைப் பாதியாக வெட்டலாமா?

"அப்துல் தெரிவித்தார்" என்று தமிழ்ச் செய்திகளில் இன்றும் எழுதப்படுவதைக் காண்கின்றோம். அறபு அறிந்த ஒருவருக்கு இது முடிவுறாத வாக்கியம் போன்றே தோன்றும். ஏனெனில் அப்துல் என்பது முழுப் பெயர் அன்று. பெயரின் முற்பாதி மாத்திரமே.

'அப்த்' என்றால் அடியான். அதனோடு 'அல்' என்னும் சுட்டு இணையும்போது 'அப்துல்' ஆகின்றது. யாருடைய அடியான் என்பதைப் பின்வரும் சொல்லே கூறும். அப்துல் காதிர் எனில் பேராற்றலுடையோனின் அடியான். அப்துல் கரீம் எனில் கொடையாளனின் அடியான். அப்துர் றஹ்மான் எனில் அளவற்ற அருளாளனின் அடியான். இங்கே 'அப்துல்' என்பது 'அப்துர்' ஆனது எழுத்துப்பிழை அன்று. அறபு எழுத்துக்கள் 28இல் 14 'சூரிய எழுத்துக்கள்' எனப்படும். அவற்றின் முன் வரும் லகரம் அவ்வவ் எழுத்தின் ஒலியாகவே திரிந்துவிடும். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமாவதை அறிந்த தமிழருக்கு இது விளங்காததன்று.

பிற்பாதியை மட்டும் எடுத்து "றஹ்மான்" என்பது மற்றொரு சிக்கல். அது இறைவனுக்கே உரிய திருநாமம். மனிதரைத் தனியே அப்பெயரால் அழைத்தலாகாது என்பது மார்க்க அறிஞர்களின் கருத்து. நாமோ அடியானை வெட்டிவிட்டு, ஆண்டவனின் பெயரால் ஆளைக் குறிப்பிடுகின்றோம்! நூருத்தீன் என்றால் மார்க்கத்தின் ஒளி. அதனைத் "தீன்" எனச் சுருக்கினால் ஒளி போய்விடுகின்றது.

ஆங்கில முதலெழுத்து முறையும் இதற்குத் துணை போயிற்று. 1977 முதல் 1989 வரை இலங்கையின் வெளிநாட்டமைச்சராக விளங்கிய ஏ.சி.எஸ். ஹமீதின் முழுப் பெயர் அப்துல் காதர் சாஹுல் ஹமீத். அப்துல் காதர் என்ற ஒரே பெயர் அங்கு இரண்டு எழுத்துக்களாகப் பிளவுபட்டு நிற்கின்றது.

எல்லா முஸ்லிம் பெயர்களும் அறபுப் பெயர்கள் அல்ல என்பதும் கவனத்திற்குரியது. பர்வீன், பைரோஸ் ஆகியன பாரசீகம். டி.பி. ஜாயாவின் பெயரில் முதலாவதாக நிற்கும் 'துவான்' மலாய் மொழி மரியாதைச் சொல். அவ்வாறே அறபுப் பெயர் தாங்கியோர் அனைவரும் முஸ்லிம்களும் அல்லர். ஈராக்கின் வெளிநாட்டமைச்சராக இருந்த தாரிக் அஸீஸ் ஒரு கிறிஸ்தவர். பெயரைக் கொண்டு ஆளின் மதத்தை முடிவு செய்வோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

எழுத்துக்கூட்டலிலும் நாம் ஆங்கிலத்தின் வழியே செல்கின்றோம். உமறுப்புலவரையும், 1885இல் 'அசன்பே சரித்திரம்' தந்த சித்தி லெப்பையையும் பெற்ற மொழி நம்முடையது. உமர் உமறு ஆகவும், ஹசன் அசன் ஆகவும் தமிழில் இயல்பாகவே நிலைபெற்றனர். முகம்மது என்ற வடிவம் நம்மிடம் காலங்காலமாக இருக்க, ஆங்கில எழுத்தைப் பார்த்து "மொஹமட்" என எழுதவேண்டிய தேவை யாது?

புலம்பெயர்ந்த தமிழருக்கு இவ்வேதனை புதிதல்ல. தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, தந்தையின் பெயராலேயே மகளை அழைக்கும் அலுவலகங்களில் அவர்கள் நாள்தோறும் இதனை அனுபவிக்கின்றனர். நமக்கு நேரும்போது வலிப்பதை, நாம் பிறருக்குச் செய்தல் முறையாகுமா?

ஆசிரிய பீடங்கள் செய்யவேண்டியது பெரிதொன்றுமில்லை. உரியவரிடம் பெயரைக் கேட்டறிந்து, அதை முழுமையாக எழுதினாலே போதுமானது.