கன்னத்தில் என்ன சரக்கு?

ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவில் சீட்டு வாங்கி ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் டாக்டரம்மா என் முகத்தை அரை நிமிடம் பார்த்தார். வலது கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளி உருட்டினார்.

"இங்க ஊசி ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"ஃபில்லர் போட்டேன் மேடம். அஞ்சு மாசம் ஆச்சு."

"என்ன ஃபில்லர்?"

எனக்குத் தெரியவில்லை.

நான் பார்க்கிற வேலைக்கு இது சின்ன அவமானம் இல்லை. ராஜாஜி சாலையில் சுங்க ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் பதினாறு வருடமாக இருக்கிறேன். சுங்கத் தேர்வு எழுதி ஜி கார்டு என்கிற அடையாள அட்டை வாங்கியவன். ஒரு கன்டெய்னர் வெளியே வர வேண்டுமென்றால் பில் ஆஃப் லேடிங் வேண்டும், இன்வாய்ஸ் வேண்டும், பேக்கிங் லிஸ்ட் வேண்டும். ரசாயனமாக இருந்தால் அதன் பாதுகாப்புத் தாளும் கூடவே வர வேண்டும். கதவில் தொங்குகிற சீல் எண் காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் சரக்கு யார்டிலேயே கிடக்கும், வாடகை ஏறும். ஊரான் சரக்குக்கு இவ்வளவு கேள்வி கேட்கிற நான், என் தோலுக்குள் போன சரக்குக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் இருபத்திரண்டாயிரம் ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்திருக்கிறேன்.

ஃபில்லர் போட்டது கன்னத்துப் பள்ளங்களை நிரப்பத்தான். அந்தப் பள்ளங்கள் பழைய கதை. காலடிப்பேட்டையில் வளர்ந்தவன் நான். பதினைந்து வயதில் ஆரம்பித்த பரு, பிளஸ் டூ முடித்து எண்ணூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்ததும் கட்டி கட்டியாக வந்தது. கட்டிங் ஆயில் தெறிக்கும், வியர்வை வழியும், கையிலிருக்கிற காட்டன் வேஸ்ட்டாலேயே மூஞ்சியைத் துடைப்போம். இயந்திர எண்ணெய் மயிர்க்கால்களை அடைத்துப் பருவைக் கிளப்பும் என்பதும், 'ஆயில் ஆக்னி' என்று அதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு என்பதும் இருபது வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்த வைத்தியம் நகம் ஒன்றுதான். கிள்ளிக் கிள்ளி இரண்டு கன்னமும் குழி விழுந்தன. பட்டறையில் எனக்குப் பெயர் 'பணியாரக்கல்லு'. பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரியம்மா, "தம்பிக்கு அம்மை போட்டிருந்துச்சா?" என்று கேட்டார். என் அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்றாள். பருவுக்கு இல்லாத மரியாதை அம்மைக்கு உண்டு. அம்மன் வந்து போன தடமாயிற்றே.

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. வேலைக்குப் போகிற வழியில் ரயில் தரைக்கடியில் இறங்கியதும் ஜன்னல் கறுத்துக் கண்ணாடியாகிவிடும். மேலேயிருந்து விழுகிற வெளிச்சத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல். பஸ்ஸில் போன காலத்தில் என் முகத்தை நான் இவ்வளவு பார்த்ததில்லை. நாற்பதை நெருங்குகிறவனுக்கு எதுக்கு இந்த ஆசை என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இதைத் தவிர வேறு பதில் கிடையாது.

போனில் ஒரு விளம்பரம் வந்தது. மாடியில் ஏசி போட்ட கிளினிக். வெள்ளை கோட்டு போட்ட பெண் ஒருவர் கால் மணி நேரத்தில் வேலையை முடித்தார். அவர் டாக்டரா, டாக்டரிடம் வேலை பார்ப்பவரா என்றுகூட நான் கேட்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது. ஜன்னல் நிழல்கள் பாதியாகக் குறைந்தன. பிறகு சிரித்தால் வலது கன்னத்தில் ஒரு உருண்டை எழும்ப ஆரம்பித்தது. "இன்னாடா, பல்லு வலியா? ஒரு பக்கம் உப்பினு கீது" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நான் செய்யப் போனதுதான் பெரிய தப்பு. வேறொரு இடத்தில் லேசர் போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சமப்படுத்திவிடலாம் என்று போய் விசாரித்தேன். "இன்னிக்கே பண்ணிடலாம் சார்" என்றார்கள். முன்பு என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவி கையைப் பிடித்து இழுத்துவந்தாள். "லேசர் நாளைக்கும் இருக்கும். மொதல்ல ஸ்டான்லில காட்டுங்க."

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். அங்கேதான் முதல்முறையாக ஒருவர் 'என்ன ஃபில்லர்' என்று கேட்டார். அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஃபில்லர் என்பது ஒரே பொருள் கிடையாது. அதிகமாகப் போடுவது ஹயலூரானிக் அமில ஜெல். நம் தோலிலேயே இருக்கிற ஒரு வகைச் சர்க்கரைப் பொருள்தான் அது. பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் கரையும். அவசரம் என்றால் ஹயலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் ஏற்றிக் கரைத்துவிடலாம். கால்சியம் கலந்த இன்னொரு வகை இருக்கிறது, அது இந்த நொதிக்கு மசியாது. பி.எம்.எம்.ஏ. என்கிற நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் கலந்த வகை உள்ளே போனால் போனதுதான், அது நிரந்தரம். அமெரிக்காவில் 2014இல் அதைக் கன்னத்துப் பருத்தழும்புக்கே அனுமதித்தார்கள் என்பதால் கெட்ட சரக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திருப்பி எடுக்க வழியில்லாத சரக்கு. இவை போக, மலிவாகக் கிடைக்கிறதென்று திரவ சிலிக்கானை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி தழும்புக்கு வருவோம். என்னுடையதைப் போல அலையலையாகக் குழிந்த தழும்பில், அடியிலிருக்கிற நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுக்கின்றன. ஊசியை உள்ளே விட்டு அந்த நார்களை அறுத்துவிடுவதற்குப் பெயர் சப்சிஷன். அந்த ஊசி போய் உழுகிற ஆழமும் ஃபில்லர் படுத்திருக்கிற ஆழமும் ஏறக்குறைய ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு அங்கே ஊசியை ஓட்டினால் ஜெல் இடம் மாறும், கிருமியும் கூடவே போகும். ஃபிராக்‌ஷனல் லேசரும் நுண்ணூசி ரோலரும் அவ்வளவு ஆழம் போவதில்லை. இருந்தாலும் ஹயலூரானிக் ஜெல் போட்டவர்களைக் குறைந்தது இரண்டு வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள், நான்கு வாரம் சொல்கிற டாக்டர்களும் உண்டு. ஊசி முனையில் ரேடியோ அலைச் சூடு பாய்ச்சும் கருவி இன்னும் ஆழமாகப் போகும் என்பதால் அதற்கு யோசனையும் இன்னும் அதிகம் வேண்டும். நிரந்தர வகையாக இருந்தாலோ, என்ன வகை என்றே தெரியாவிட்டாலோ, நாள் கணக்கு உதவாது.

சரியான வரிசை இதுதான் என்றார்: முதலில் புதுப் பரு வராமல் அடக்க வேண்டும், பிறகு நார் அறுப்பு, பிறகு லேசர், மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு பள்ளத்துக்குக் கடைசியில்தான் ஃபில்லர். நான் கடைசிப் பெட்டியை முதலில் இறக்கிவிட்டேன்.

வகை தெரியாததால் ஸ்கேன் எடுக்க வேண்டியதாயிற்று. தோலுக்கென்று இருக்கிற நுண்ணிய அல்ட்ராசவுண்ட். ஹயலூரானிக் ஜெல் அதில் கறுப்புக் குளம் மாதிரித் தெரியும். பிளாஸ்டிக் மணிகள் வால் முளைத்த வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சிலிக்கான் என்றால் திரை முழுக்கப் பனிப்புயல் அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்குமாம். திரையில் என் கன்னம் வந்தபோது வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டேன். கறுப்புதான். ஒரு ஸ்டிக்கர் இருந்திருந்தால் இந்தச் செலவும் இல்லை, வேண்டுதலும் இல்லை.

ஸ்டிக்கர் என்று சும்மா சொல்லவில்லை. பெயருள்ள கம்பெனி ஃபில்லர் பெட்டிகளுக்குள் உரித்து ஒட்டுகிற லாட் எண் ஸ்டிக்கர் வைத்தே அனுப்புகிறார்கள், நோயாளியின் பதிவேட்டில் ஒட்டுவதற்காக. பெட்டியின் மேல் லாட் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகள் சொல்கின்றன. கடல் தாண்டி வருகிற வரைக்கும் அந்தச் சிரிஞ்சுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. கிளினிக் குப்பைக் கூடையில்தான் அது தொலைகிறது.

அந்த மாடி கிளினிக்குக்குப் போன் செய்தேன். "பேஷன்ட்டுங்க இதெல்லாம் கேக்க மாட்டாங்களே சார்" என்றது வரவேற்பிலிருந்த குரல். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் பதிவுகளைத் தர வேண்டும் என்று, அலுவலகத்தில் நோட்டிஃபிகேஷன் படிக்கிற குரலில் சொன்னேன். மூன்றாம் நாள் வாட்ஸாப்பில் ஒரு பில் வந்தது. 'முகப் பொலிவு பேக்கேஜ் – 1 எண்ணம்'. இப்படி ஒரு சரக்கு விவரத்தோடு நான் சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி போட்டால் அப்ரைசர் என்னை ஜன்மத்துக்கும் மறக்க மாட்டார்.

விதியில் ஓட்டை எங்கே என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மூன்று வருடம் பதிவு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்நோயாளிகளைப் பற்றியது. கால் மணி நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டு எழுந்து போகிறவன் எந்தப் படுக்கையிலும் சேர்ந்தவன் கிடையாது. 2023 ஆகஸ்டில் அந்த 2002 விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன, அதே மாதத்தில் அவற்றை நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். அழகு சிகிச்சை செய்ய யூடியூப் பார்த்ததும் பயிலரங்கில் உட்கார்ந்ததும் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். 2016இல் முடி நடும் சிகிச்சைக்குப் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரே இறந்துபோனார். அது நடந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. தோலுக்குள் தங்குகிற எதை ஏற்றினாலும் ஒரு சீட்டு தர வேண்டும்: பொருளின் பெயர், லாட் எண், எத்தனை மில்லி, முகத்தில் எந்த இடம், போட்டவர் பெயர், அவரது பதிவு எண். மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் இருக்கிறது. உரிமம் கொடுக்கும்போதே இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க எத்தனை நாள் ஆகும்? இந்தச் சீட்டு வசதிக்கு மட்டும் அல்ல. ஊசி தவறி ரத்தக் குழாயை அடைத்தால் தோல் வெளுக்கும், வலைபோல் நீலம் பாயும், தாங்க முடியாத வலி வரும், பார்வைகூடப் போகலாம். அந்த நேரத்தில் ஓடுகிற ஆஸ்பத்திரியில் கேட்கிற முதல் கேள்வியும் 'என்ன ஃபில்லர்' என்பதுதான். அங்கே ஸ்கேன் எடுத்து ஆற அமரக் கண்டுபிடிக்க அவகாசம் இருக்காது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாழ்வது வடசென்னைக்காரனுக்குப் பழக்கம்தான். 2015இல் சுங்கத்துறை பிடித்த அம்மோனியம் நைட்ரேட் 37 கன்டெய்னர்களில் மணலியில் கிடந்தது. 2020 ஆகஸ்டில் அதே ரசாயனத்தால் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகே அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்தச் சரக்குக்காவது காகிதம் இருந்தது.

என் கன்னத்து உருண்டையை நொதி ஊசியில் கரைத்தார்கள். மறுநாளே வீக்கம் வடிந்து பழைய குழிகள் திரும்பி வந்தன. அவற்றைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். சில வாரம் விட்டு நார் அறுப்பு நடந்தது, பிறகு மாத இடைவெளியில் இரண்டு முறை லேசர். நம் மாநிறத் தோலில் லேசர் சூடு பட்ட இடம் கறுத்துப்போகும் ஆபத்து அதிகம் என்பதால் குறைந்த அளவில்தான் வைக்கிறார்கள். வெயில் ஆகாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையோரம் நின்று சீல் பார்க்கிற வேலையை ஜூனியர் பையனிடம் தள்ளிவிட்டேன். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு உட்காருகிற என்னை அலுவலகத்தில் 'ஹீரோ' என்கிறார்கள். பணியாரக்கல்லுக்கு இது எவ்வளவோ தேவலை.

பாதிக்குமேல் ஆழம் குறைந்திருக்கிறது. இடது கன்னத்தில் இரண்டு பள்ளம் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. கடைசியில் அதற்குக் கொஞ்சம் ஃபில்லர் போடலாம் என்கிறார் டாக்டர். போட்டுக்கொள்ளத்தான் போகிறேன். பெட்டியை என் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்டிக்கரை ஒட்ட ஜி கார்டின் பின்பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது.