வண்டி நேரத்துக்கு வந்த காலம்



போன மாதம் ஒருநாள் நம் தருமபுரி மாவட்டத்து மொரப்பூர் ரயில் நிலையத்துக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் மஞ்சப்பையோடு ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியிருப்பார். பேச்சுவாக்கில் அவரே ஆரம்பித்தார்: “எமர்ஜென்சி அப்ப வண்டி டாண்ணு நேரத்துக்கு வரும் தம்பி. ஆபீசுக்குப் போனா ஆளு சீட்ல இருப்பாங்க. கடையில விலை எழுதித் தொங்கவிட்டிருப்பான்.”

“உங்க பக்கம் யாரையாவது புடிச்சிட்டுப் போனாங்களா ஐயா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “போனாங்க. ஏன்னுதான் யாரும் கேக்கல.”

முதலில் சொன்னதை உற்சாகமாகச் சொன்னவர், இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். 50 வருடம் கழித்தும்!

ஆம், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு 2025 ஜூன் 25ஆம் தேதியோடு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சர்வாதிகாரம் என்றால் டாங்கியும் துப்பாக்கியுமாக வரும் என்று நினைக்கிறோம். 1975இல் தில்லியில் டாங்கி ஏதும் உருளவில்லை. ராத்திரியில் போடப்பட்ட ஒரு கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

அந்தக் கையெழுத்துக்கு முந்தைய நான்கு வருடங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 1971இல் போர், அதற்கு முன்பே கிழக்கு வங்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள். 1972இல் வறட்சி. 1973இல் பெட்ரோலிய விலையேற்றம். 1974இல் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த மே மாதம் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம். குஜராத்திலும் பீகாரிலும் மாணவர் கிளர்ச்சி. வானம் பார்த்த பூமியில் பிறந்த நமக்கு, அடுப்பெரிவதே பெரும்பாடாகிப்போன வீட்டின் மனநிலையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ‘யாராவது வந்து ஒழுங்குபடுத்தினால் போதும்’ என்று சலிப்பில் நாம் சொல்லும் வார்த்தையிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

1975 ஜூன் 12. ரேபரேலித் தொகுதியில் பிரதமர் இந்திரா காந்தி பெற்ற தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். ஒருவருடைய நாற்காலிக்கு வந்த ஆபத்து, பதின்மூன்றே நாளில் நாட்டுக்கு வந்த ஆபத்து என்று பெயர் மாறியது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற இரண்டு சொல்லை அரசமைப்பின் 352ஆவது பிரிவிலிருந்து எடுத்து, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் சொன்னார்கள். பதற ஒன்றுமில்லை என்று பிரதமர் வானொலியில் பேசினார். அதற்குள் தில்லிப் பத்திரிகை அலுவலகங்கள் பலவற்றுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது.

பிறகு எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. ‘மிசா’ என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 1971லேயே வந்துவிட்டது. விசாரணையின்றிப் பல்லாயிரம் பேரை உள்ளே வைக்க, கையருகே இருந்த அதுவே உதவியது. சிறைப்பட்டவருக்கு நீதிமன்றத்தில் முறையிடவும் உரிமையில்லை என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். அடுத்த ஜனவரியில் பணியில் அவருக்கு இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியானார்; கன்னா பதவி விலகினார்.

தமிழ்நாட்டுக்கு இந்த நெருப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. நெருக்கடி நிலையை எதிர்த்த தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது. கைதானவர்களின் பெயரைக்கூட வெளியிட முடியாதபடி தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியலை முரசொலியில் போட்டார் கருணாநிதி. யார் யார் சிறையில் இருக்கிறார்கள் என்பதை ஊர் தெரிந்துகொண்டது. பத்திரிகை நடத்துகிற எனக்கு அந்தப் பட்டியலை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

ஜெர்மனியிலும் பாதை இப்படித்தான் போனது, முடிவு பல மடங்கு கொடூரம் என்றாலும். 60 லட்சம் பேர் வேலையின்றித் தவித்த நேரம். 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் முறைப்படி ஹிட்லரைப் பிரதமராக அமர்த்தினார். பிப்ரவரி 27இல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே உரிமைகளைப் பறிக்கும் அவசர ஆணை. மார்ச் 23இல் சர்வ அதிகாரமும் தரும் சட்டம், 444க்கு 94 என்ற வாக்குக் கணக்கில். இதைக் காட்டித்தான், நெருக்கடி நிலைப் பிரிவுகள் ஆபத்து என்று எச். வி. காமத் 1949இல் நம் அரசமைப்பு அவையில் எச்சரித்தார்.

இந்திராவை ஹிட்லரோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. அவரே தேர்தலை அறிவித்தார். தோற்றதும் 1977 மார்ச்சில் விலகினார். ஆனால் அந்தத் தேர்தலில் நம் கணக்கு என்ன? வடக்கே அவர் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றபோது, தமிழ்நாட்டின் 39 இடங்களில் 34ஐ அவர் இருந்த கூட்டணிக்குத் தந்தோம். புதிதாக உருவான தருமபுரித் தொகுதியும் காங்கிரசின் வாழப்பாடி ராமமூர்த்தியைத்தான் அனுப்பியது. யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது மக்கள் உரிமை. அதற்குப் பல காரணங்கள் இருந்திருக்கும். நெருக்கடி நிலையில் நடந்த கட்டாயக் கருத்தடையின் கொடுமையை வடக்கு அனுபவித்த அளவுக்கு நாம் அனுபவிக்கவில்லை என்பதும் ஒன்று. அடி அடுத்த வீட்டில் விழுந்தது. நம் வீட்டுக்கு வண்டி நேரத்துக்கு வந்தது.

1978இல் அரசமைப்பின் 44ஆவது திருத்தம் வந்தது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ நீங்கி ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்றானது. அமைச்சரவையின் எழுத்துப்பூர்வமான முடிவு கட்டாயமானது. உயிர்வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்றானது. நல்ல பூட்டுதான். ஆனால் 1975லும் கதவை யாரும் உடைக்கவில்லை. சாவி போட்டுத்தான் திறந்தார்கள்.

அதே 2025இல் இன்னொரு நினைவு நாளும் வந்தது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் கண்மூடி ஜூலை 23ஆம் தேதியோடு நூறு ஆண்டு ஆனது. பேசியதற்காக 1908இல் ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனவர். சிறை தந்த தொழுநோயைக் காரணம் காட்டி, ரயிலில் ஏறக் கூடாது என்றது வெள்ளைக்கார அரசு. புண்ணைத் துணியால் சுற்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். அன்றைக்கும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் எமர்ஜென்சியைப் பற்றிக் கேளுங்கள். வண்டி நேரத்துக்கு வந்த கதையைச் சொல்வார்கள், பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும், அந்த வண்டியில் யாரை ஏற விடவில்லை என்று கேளுங்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்று பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்