அன்னபூரணிக்கு எத்தனை அங்குலம்?

வேலூரை அடுத்த பாகாயத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் கணவருக்கு ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் கணக்கு வேலை. பிள்ளைக்குப் பதினாலு வயது. கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவனிடம் ஒரு 10 சென்ட் நாணயத்தைக் கொடுத்தாலும் கொடுத்தார், அதில் இருக்கும் பாய்மரக் கப்பலை மரத்தில் செய்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வீடெல்லாம் மரத்தூள். ஓட்டேரியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்தறியாத ஊரில் கப்பல் எதற்கு? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்."

புத்தி சொல்லத்தான் போகிறேன், அம்மா. ஆனால் பிள்ளைக்கு அல்ல!

அந்த நாணயத்துக் கப்பலின் பெயர் 'ப்ளூநோஸ்'. 'ஸ்கூனர்' என்ற வகையைச் சேர்ந்தது. இரண்டு பாய்மரங்கள், பாய்கள் கப்பலுக்குக் குறுக்கே நிற்காமல், நீளவாட்டில், கதவு திறப்பது போல் திரும்பும். கனடாவின் லூனன்பர்க் என்ற ஊரில் 1921-ல் கடலில் இறக்கினார்கள். மீன் பிடிப்பதும் அதுவே. பந்தயத்தில் ஓடுவதும் அதுவே. அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்து ஸ்கூனர்களோடு போட்டியிட்டு வாகை சூடியது. 1937-ல் நாணயத்தில் ஏறியது. 1946-ல் ஹெய்டித் தீவருகே பாறையில் மோதி அழிந்தது.

கப்பல் போய்விட்டது; ஆனால் வில்லியம் ரூவே என்பவர் வரைந்த அதன் வரைபடம் போகவில்லை. அதனால்தான் இன்றும் உலகெங்கும் மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் ப்ளூநோஸை விரும்பிச் செய்கிறார்கள். உங்கள் பிள்ளையும் அதில் ஆரம்பிக்கட்டும்.

இந்த வேலையில் முதல் பாடம் கணக்கு. கப்பலின் நீளம் 143 அடி. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால் மாதிரி ஏறக்குறைய 36 அங்குலம். வீட்டில் அதற்கென்று ஒரு மேஜை வேண்டும். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று வைத்தால் 18 அங்குலம். அலமாரி மேல் அடங்கிவிடும். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஆணி முதல் கொடிமரம் வரை அதே கணக்கில்தான் இருக்கவேண்டும். உடம்பைச் சரியாகச் செய்துவிட்டு, கயிற்றுக்குப் பதில் தடித்த நூலைக் கட்டினால், சின்னக் குழந்தைக்குத் தாத்தாவின் செருப்பை மாட்டிவிட்டது போல் இருக்கும்!

முதலில் 'ஏரா' என்ற அடிக்கட்டை. அதன் மேல் விலா எலும்புகளைப் போல் குறுக்குச் சட்டங்கள். நம் ஓடாவிகள் அவற்றை 'வங்கு' என்பார்கள். வங்குகளின் மேல் மெல்லிய பலகைப் பட்டைகளை ஒட்டவேண்டும். வளையாத பட்டையை வெந்நீரில் ஊறப்போட்டால் சொன்னபடி கேட்கும். வலப் பக்கம் ஒரு பட்டை ஒட்டினால் அடுத்தது இடப் பக்கம். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கம் வரலாம் என்று அவசரப்பட்டால் கப்பல் கோணிக்கொள்ளும். ஒரு பட்டை காயும் வரை அடுத்ததைத் தொடக்கூடாது. பதினாலு வயதுப் பிள்ளையை இப்படிப் பொறுமையாக உட்காரவைக்கும் வேலை வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

பாய்களுக்கு வந்தால் அது உங்கள் ராஜ்யம். பழைய மல் வேஷ்டி போதும். புதுத்துணியின் வெள்ளை கண்ணைப் பறிக்கும்; தேயிலைத் தண்ணீரில் தோய்த்து உலர்த்தினால் கடற்காற்றில் பழுத்த நிறம் வரும். நிஜப் பாய்கள் இரண்டடி அகலத் துணிகளை இணைத்துத் தைத்தவை. ஆகவே கால் அங்குலக் கணக்கில் அரை அங்குலத்துக்கு ஒரு தையல் வரி ஓட்டவேண்டும். ஆம்பூர்த் தோலுக்கும் இதில் இடமுண்டு. பாய் தாங்கும் கட்டை, மரத்தோடு உராயும் இடத்தில் அந்நாள் மாலுமிகள் தோலை வைத்துக் கட்டிக் கொழுப்புத் தடவுவார்கள். நகக்கண் அளவு மெல்லிய தோல் போதும். அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ப்ளூநோஸ் முடிந்த பிறகு பிள்ளை என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

ஸ்கூனர் என்ற பெயரே குளோஸ்டரில்தான் பிறந்தது என்று அவ்வூரார் ஒரு பழங்கதை சொல்வார்கள். அந்தக் குளோஸ்டர் துறைமுகத்துக்கு 1938 ஆகஸ்டு முதல் தேதியன்று ஒரு பாய்மரக் கப்பல் வந்து சேர்ந்தது. அதில் பாய் இழுத்தவர்கள் தமிழர்கள். அதைக் கட்டியவர்களும் தமிழர்கள்! யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் உருவான அந்தக் கப்பலின் பெயர் 'அன்னபூரணி அம்மாள்'. நீளம் 89 அடி. முன்மரத்தில் குறுக்குப் பாய்களும் பின்மரத்தில் ஸ்கூனரைப் போல் நீளவாட்டுப் பாயும் கொண்டது; 'பிரிகன்டைன்' என்பார்கள். ஸ்கூனருக்குச் சித்தி மகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் இதைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்து விலைக்கு வாங்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து அதைக் கொண்டுபோனார்கள்.

ப்ளூநோஸுக்கு வரைபடம் இருக்கிறது. அன்னபூரணியைப் போன்ற கப்பல்களுக்கு? நம் ஓடாவிகள் காகிதத்தில் கட்டியவர்கள் அல்லர். கண்ணளவும் கையளவும் மனக்கணக்குமே அவர்களுடைய வரைபடம். பாட்டியின் கைப்பக்குவம் போலத்தான். அருகில் நின்று பார்த்துக்கொண்டால் உண்டு. இல்லையென்றால் அவரோடு போய்விடும். தூத்துக்குடியில் மரத் தோணிகள் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மாதிரி செய்யக் கற்ற பிள்ளை ஒரு விடுமுறையில் அங்கே போய், நாடாவும் நோட்டுப் புத்தகமுமாக ஒரு தோணியை அணியத்திலிருந்து பின்பக்கம் வரை அளந்து வரட்டும். வங்குக்கும் வங்குக்கும் எத்தனை அங்குலம், பலகை எத்தனை கனம் என்று வயதான ஓடாவியைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்த அளவுகளும் பழைய புகைப்படங்களும் துணையிருந்தால் அன்னபூரணியின் சாயலில் ஒரு கப்பலை உருவாக்கிவிடலாம். அலமாரியில் இருக்கும் அந்த மாதிரி, எழுதப்படாத ஒரு புத்தகத்தின் சில பக்கங்களாக நிற்கும்.

கடலில்லாத ஊரில் கப்பல் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

இன்னும் ஒரு விஷயம். குளோஸ்டருக்கு வந்தபோது அந்தக் கப்பலின் பெயர் 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாறியிருந்தது. ஃப்ளோரன்ஸ், ராபின்சனின் மனைவி. மனைவியின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டிய கணவரை நாம் குறை சொல்வானேன்? ஆனாலும் வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து அதைத் தண்ணீரில் தள்ளிவிட்டவர்கள், ஊருக்கெல்லாம் அன்னமிடும் ஒருத்தியின் பெயரைச் சொல்லித்தான் தள்ளினார்கள்.

அடிக்குக் கால் அங்குலக் கணக்கில் 89 அடிக் கப்பல் இருபத்திரண்டே கால் அங்குலம் வரும். அதன் பின்பலகையில் 'அன்னபூரணி அம்மாள்' என்று தமிழில் எழுத இடம் இருக்கும். எழுத்து பொடியாகத்தான் வரும். ஆகையால் பிள்ளைக்கு மெல்லிய தூரிகையாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.